வாவிக்குள்ளயும் வேலை செய்யுமா?

என் மாமா மகன் ஒருவன் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிறான். சனி ஞாயிறு வந்தால் றப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவான். கையில் தண்ணீர் புகாத மெட்டல் டிடெக்டர், இடுப்பில் வலைப் பை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பித்தளைப் பொத்தான், பச்சை பிடித்த ரவை, தொப்பியில் குத்தும் சின்னம், சிதறல் துண்டு என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவான். வீட்டில் அதற்கென்றே ஒரு கண்ணாடி அலுமாரி. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே எடுத்தது, எது என்று சின்னத் துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறான். மச்சானை நான் பரிகசிக்கவில்லை. குளிர் நாட்டில் சோபாவில் கிடந்து குடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அங்கே இதற்கு ஒழுங்கும் இருக்கிறது. மூழ்கிய கப்பலில் இருந்து வந்த பொருள் என்றால் 28 நாளுக்குள் அதற்கென்று உள்ள அரச அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். அவன் எல்லாவற்றையும் அறிவித்துத்தான் வைத்திருக்கிறான்.

அவன் ஒருநாள் போனில் சொன்னதுதான் எனக்குள் கிடந்து உறுத்தியது. "மச்சான், உங்கட கடலுக்குள்ள ஹேர்மிஸ் எண்ட போர்க்கப்பல் கிடக்கு. அதச் சுத்தி எவ்வளவு சாமான் சிதறிக் கிடக்கும்! நீயும் மெஷின் பிடிச்ச ஆள். நான் வாறன், ரெண்டு பேருமா இறங்குவம்."

ஓம், நானும் மெஷின் பிடித்தவன்தான். மிதிவெடி அகற்றும் வேலையில். யுத்தம் முடிந்த பிறகு வாகரைப் பக்கமும் படுவான்கரையிலும் நெஞ்சுக் கவசமும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தவர்களில் நானும் ஒருவன். 2017இல் மட்டக்களப்பு மிதிவெடியற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்களில் சிலர் வன்னிக்கு வேலைக்குப் போனார்கள், சிலர் மத்திய கிழக்குக்கு, நான் ஹாட்வெயார் கடைக்கு. இன்றும் சுப்பர் மார்க்கெட் வாசலில் ஏதாவது 'பீப்' என்றால் என் கால் தானாக நிற்கும். அவனுக்கோ அதே சத்தம் கேட்டால் வாயெல்லாம் பல். இரண்டு பேரும் ஒரே தொழில்காரர் என்பதுபோல அவன் பேசியதை நான் சிரித்துக் கடந்துவிட்டேன். ஆனால் அது கடந்து போகவில்லை.

வேலையில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது: சத்தம் வந்தால் தோண்டு. அது ஆணியாக இருக்கலாம், மீன் பேணியாக இருக்கலாம், கம்பித் துண்டாக இருக்கலாம். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் குப்பைதான். ஆனால் எந்தச் சத்தத்தையும் "இது பேணிதான்" என்று விட்டுவிட்டுப் போக முடியாது. மிதிவெடிகளில் 'ஜொனி' என்றால் மரப்பெட்டி, 'பி-4' என்றால் பிளாஸ்டிக் உடம்பு. இரண்டிலும் இரும்பு கொஞ்சம்தான். அதனால் மிக மெல்லிய சத்தத்துக்குத்தான் அதிகம் பயம். முதலில் இடத்தைக் குறித்து, பக்கவாட்டில் இருந்து சரிவாகக் குத்திப் பார்த்து, கையால் மண்ணை வழித்து எடுத்து, கடைசியில் ஒரு சோடாமூடி வெளியே வரும். வெயிலில் முகக் கண்ணாடிக்குள் வியர்வை ஓட அந்த மூடியைப் பார்க்கும்போது வருகிற கோபத்தை என்னால் எழுத முடியாது. மச்சானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கரையில் தேடும்போது அவனுடைய இன்னொரு மெஷின் திரையில் ஒரு இலக்கம் காட்டும். இரும்பென்றால் விட்டுவிட்டு நடப்பான், வெள்ளியென்றால் குனிவான்.

உப்புத் தண்ணீரும் மெஷினும்

அவன் கடலுக்குள் கொண்டுபோகும் மெஷின் வேறு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

சாதாரண டிடெக்டர் கொயிலில் இருந்து ஓயாமல் ஒரு அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். உலோகம் குறுக்கே வந்தால் அந்த அலை குழம்பும். எவ்வளவு குழம்புகிறது, எப்படிக் குழம்புகிறது என்பதை வைத்து இது இரும்பா, செம்பா என்று ஊகிக்கும். நல்ல தண்ணீரில் இதனால் தொந்தரவில்லை. கடல் தண்ணீரோ மின்சாரம் கடத்தும். மெஷினுக்குக் கடல் முழுவதும் ஒரு மெல்லிய தகடு மாதிரித் தெரியும். கொயிலைக் கொஞ்சம் அசைத்தாலும் கத்தும். எங்கள் கிழக்குக் கரையில் இன்னொரு தொல்லை, கறுப்பு மண். புல்மோட்டையில் அள்ளுகிறார்களே இல்மனைற், அந்த வகை மண் வாகரையிலும் இருக்கிறது, திருக்கோவிலிலும் இருக்கிறது. அதை அள்ளக்கூடாது என்று சனம் வீதியில் இறங்கியதும் இந்த இரண்டு இடத்திலும்தான். இரும்புச் சத்துள்ள அந்த மண்ணும் மெஷினைக் குழப்பும்.

கடலுக்கென்று செய்தவை துடிப்பு முறையில் வேலை செய்கின்றன. ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை கொயிலுக்குப் பலமான மின்சாரத்தைக் கொடுத்துச் சட்டென்று அறுத்துவிடும். அறுந்த கணத்தில் பக்கத்தில் உள்ள எல்லாக் கடத்திகளுக்குள்ளும் ஒரு சின்னச் சுழல் மின்சாரம் ஓடி அடங்கும். உப்புத் தண்ணீரில் அது உடனே அடங்கிவிடும். உலோகத்தில் கொஞ்சம் இழுத்து நிற்கும். மெஷின் சில மைக்ரோ செக்கன் பொறுத்திருந்து பிறகுதான் காது கொடுக்கும். அதற்குள் கடல் ஓய்ந்திருக்கும், உலோகம் மட்டும் இன்னும் முனகிக்கொண்டிருக்கும். மச்சான் வைத்திருக்கும் கரெட் கம்பெனியின் 'சீ ஹண்டர்' இந்த வகை. 200 அடி ஆழம் வரை கொண்டுபோகலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. துடிப்பு மெஷின் எது இரும்பு, எது வெள்ளி என்று ஒழுங்காகப் பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல்தான். ஆகக் கடலுக்குள் இறங்கிய கணத்தில் இருந்து மச்சானும் எங்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறான். சத்தம் வந்தால் தோண்டத்தான் வேண்டும். வித்தியாசம், அவனிடம் கவசம் இல்லை. போர்க்காலத்து ஷெல்லோ கைக்குண்டோ கடலில் கிடந்தால் நனைந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே உள்ள வெடிமருந்து லேசில் கெடாது. முன்னால் உள்ள வெடிக்கவைக்கும் பகுதிதான் உக்கும். உக்கினால் அது செத்தும் போயிருக்கலாம், தொட்டதும் சீறும் நிலைக்கும் வந்திருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இதைப் போனில் நான் அவனுக்கு விடிய விடியச் சொன்னேன். "அங்கயும் அப்பிடித்தான், சந்தேகம் எண்டா தொடமாட்டன்" என்றான். சரி, அவன் சொல்வது உண்மைதான். மேலே கல்லும் சிப்பியும் பற்றி ஒரு கட்டியாக இருக்கும் பொருளில் சந்தேகம் எப்போது வரும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஹேர்மிஸ்

ஹேர்மிஸ் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் இருந்து தெற்கே ஒதுங்கி, ஆபத்து விலகியது என்று திரும்பிக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரரின் குண்டுவீச்சு விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன. அன்றைக்கு அதன் தளத்தில் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கியது. 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரில் இருந்து தூக்கியது. ஹேர்மிஸ் இப்போது மட்டக்களப்புக் கரையில் இருந்து 9 கிலோமீற்றர் அளவில், 53 மீற்றர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது.

மெஷின் 60 மீற்றர் தாங்கும். மனிதன்? பொழுதுபோக்குக்கு சிலிண்டர் கட்டி இறங்குகிறவனுக்கு 40 மீற்றர்தான் எல்லை. அதற்குக் கீழே போவதற்கு வேறு பயிற்சி, வேறு வாயுக் கலவை, ஏறும்போது மணிக்கணக்கில் நின்று நின்று வர வேண்டும். எங்கள் பக்கத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிற பொடியன்களில் கை கால் இழுத்துக்கொண்டு வீட்டில் கிடப்பவர்களைக் காட்டுவேன். அவர்கள் எல்லாம் நல்ல சுழியோடிகள்தான். அவசரப்பட்டு மேலே வந்தவர்கள்.

அதோடு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 180 மீற்றர் நீள இரும்பு மலைக்குப் பக்கத்தில் டிடெக்டரைக் கொண்டுபோனால் அது நிறுத்தாமல் கத்தும். தேடவென்று அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. மெஷின் உதவுவது கப்பலை விட்டு விலகிய மணலில், சிதறிப் புதைந்தவற்றுக்குத்தான். "நான் கப்பலத் தொடமாட்டன் மச்சான், வெளிய சிதறினதத்தான்" என்று அவன் சொன்னது அதனால்தான். "சாமான் சிதறின இடத்திலதானே ஆக்களும் சிதறியிருப்பாங்க" என்றேன். அன்று போன் சீக்கிரம் முடிந்தது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹேர்மிசை விட்டுவிட வேண்டும். போய்ப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். ஒரு பொத்தானைக்கூட எடுக்கக்கூடாது. ஜாவாக் கடலில் என்ன நடந்தது? 1942இல் மூழ்கிய ஒல்லாந்தரின் டி ரெய்டர், ஜாவா என்ற இரண்டு போர்க்கப்பலையும் 2016இல் பார்க்கப் போனவர்கள் மணலில் பள்ளத்தைத்தான் கண்டார்கள். கப்பல்களையே இரும்புக்காக முழுசாக அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு பொத்தானில் தொடங்குவது அங்கே போய் முடியும் என்று நான் சொல்லவில்லை. அலுமாரிக்காரனும் பழைய இரும்புக்காரனும் ஒரே ஆள் இல்லை. ஆனால் கடலுக்கடியில் கிடக்கும் 307 பேருக்கு யார் எதற்கு வந்தான் என்பது முக்கியமா? அவர்களுடைய பெயர்கள் பிளிமவுத்திலும் போர்ட்ஸ்மவுத்திலும் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களுக்கென்று கட்டிய நினைவுச் சின்னங்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊர், பேர், பதவி, எல்லாம் இருக்கிறது. அதனால்தான் அந்த இரும்பை எல்லோரும் கல்லறை என்று ஒத்துக்கொள்கிறார்கள். மச்சானும் கடைசியில் ஒத்துக்கொண்டான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கல்குடாவில் ஒரு பின்னேரம்

போன ஓகஸ்டில் அவன் குடும்பத்தோடு வந்தான். மெஷினைக் கொண்டுவரவில்லை. அனுமதிக் கடதாசி இல்லாமல் கட்டுநாயக்காவில் இறங்கினால் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தேன். இங்கே ஸ்கேனரோடு பிடிபட்டால் புதையல் கள்ளன்தான். பேப்பரில் வாரம் ஒரு செய்தி வருகிறது. அவனுக்கு 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்'டையாவது பார்க்க வேண்டும். ஹேர்மிஸ் போன அன்றைக்கே மூழ்கிய எண்ணெய்க் கப்பல். கல்குடாவுக்கு அப்பால் 24 மீற்றர் அளவில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த சுழியோடித் தம்பி ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். நான் தோணியிலேயே இருந்துவிட்டேன். சோழகக் காலம், கடல் கண்ணாடி. மச்சான் மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெடுநேரம் மீன்களைப் பற்றித்தான் பேசினான்.

பின்னேரம் தம்பி வீட்டில் பிளேன்ரி. வலையில் ஏறியது என்று ஒரு கட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். இரண்டு கைப்பிடி அளவு. மேலே சுண்ணாம்பும் சிப்பியும் மணலும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் வெடித்து உள்ளே கறுப்பாக இரும்பு. அந்த வெடிப்பில் இருந்து தேன் நிறத்தில் துளி துளியாக ஏதோ கசிந்து, காய்ந்து, தூளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது அது ஷெல்லா என்றுதான். இல்லை, ஒரு குழாய் மூட்டு. மச்சான் அதைக் கையில் எடுக்காமல் குந்தியிருந்து பார்த்தான். "இது செத்துக்கொண்டிருக்கு" என்றான். கடலுக்குள் இருந்த வரைக்கும் இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் காற்றுப் பட்டு அந்த உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கும். ஈரமாகவே வைத்து, மாசக்கணக்கில் மருந்துத் தண்ணீரில் போட்டு, மின்சாரம் கொடுத்து உப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருசத்தில் தூள். பித்தளைக்கும் வெள்ளிக்கும் இவ்வளவு பாடில்லை. வெள்ளி கறுக்கும், ஆனால் இரும்பைப்போலத் தூளாகிக் கொட்டாது. சொல்லிக்கொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். யாரோ ஒருவன் கடலுக்குள் மெஷினோடு போய், ஒரு மனுசி எப்போதோ தொலைத்த கல்யாண மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறான். அவள் அழுகிறாள்.

தம்பியின் பெண்சாதியுடைய அம்மம்மா திண்ணையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. எண்பதுக்கு மேல் இருக்கும். இவ்வளவு நேரமும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. போனைக் காட்டச் சொல்லிக் கேட்டா. இரண்டாம் தரமும் போடச் சொல்லிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா: "மனே, இது வாவிக்குள்ளயும் வேல செய்யுமா?"

"செய்யும் பெத்தா."

"வெள்ளியப் புடிக்குமா?"

"புடிக்கும்."

"சின்னச் சாமான். பெருவிரல் மொத்தம்தான்." விரலை நீட்டிக் காட்டினா. "அச்சரக்கூடு. சின்ன வயசில காய்ச்சல்ல கிடந்து பிழைச்சவன். அப்ப கட்டினது. உள்ளுக்குச் செப்புத்தகடு."

பெத்தாவின் சொந்த ஊர் கல்குடா இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரை. இடம்பெயர்ந்து, பேத்தியோடு இங்கே வந்தவ. தொண்ணூறாம் ஆண்டு மகனைக் கொண்டுபோனார்கள். யார் என்று அவ சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொண்ணூறு என்றால் இந்த மாவட்டத்தில் தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. கூடக் கொண்டுபோன ஒரு பொடியன் மட்டும் திரும்பி வந்து, வெளிநாட்டுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு வந்து இடத்தைச் சொல்லிவிட்டுப் போனானாம். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த எல்லாக் கொமிசனுக்கும் போய் எழுதிக் கொடுத்திருக்கிறா. பதிவு எண் போட்ட துண்டுகள் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கின்றன.

எங்கள் வேலையில் ஆகக் கஷ்டமானது இடம். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊரவர்களைக் கேட்டு, மாடு செத்த இடம், ஆள் கால் இழந்த இடம் என்று கேட்டுக் கேட்டுத்தான் வரைபடம் போடுவோம். நான் வழக்கம்போல "இடம் தெரியாம மெஷினால ஒண்டும் செய்யேலாது பெத்தா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவ சொல்லத் தொடங்கிவிட்டா. பழைய தோணித்துறை, அதற்கு வலப்பக்கம் கண்ணாப் பத்தை, பத்தை முடிகிற இடத்தில் இருந்து கோயில் கோபுரத்தைப் பார்த்து நின்றால் எத்தனை பாகம், தண்ணீர் எவ்வளவு ஆழம், மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு. முப்பத்தைந்து வருசமாக மனசுக்குள் வைத்திருந்து தேய்த்த இடம். வாகரையில் எனக்கு இவ்வளவு துல்லியமாக ஒருவரும் சொன்னதில்லை. மச்சான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டான்.

பெத்தாவுக்கு நான் சொன்ன பதில் உண்மையானது. வெள்ளிதான், கத்தும். ஆனால் அவ்வளவு சின்னப் பொருள் என்றால் மெஷினுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் பிடிப்பது கஷ்டம். வாவி சேறு. வெள்ளம் வந்து போன வருசங்கள் எத்தனை, முகத்துவாரம் வெட்டின வருசங்கள் எத்தனை, சுனாமி வேறு. அவ தலையை ஆட்டினா. "கத்தும் எண்டு சொல்றாய்தானே" என்றா. அவ்வளவுதான். வெற்றிலையை இடிக்கத் திரும்பிவிட்டா.

யாருடைய மெஷின்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சானும் நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் யோசித்தது இதுதான். இந்த மாவட்டத்தில் மூன்று பேர் அந்த மெஷினைத் தூக்கியிருக்கிறார்கள். புதையல் தேடுகிறவன் ராசா காலத்துப் பொன்னைத் தேடுகிறான். மச்சானைப் போன்றவன் 1942ஐத் தேடுகிறான். நாங்கள் மிதிவெடியைத் தேடினோம். காணியைச் சுத்தம் செய்து உரியவர்களிடம் கொடுப்பது எங்கள் வேலை. எலும்பு வந்தால் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் நமக்கில்லை. எங்கள் கோடும் தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும். மூன்று பேரிலும் பெத்தாவுக்காக மெஷின் தூக்கியவர் ஒருவரும் இல்லை. ஹேர்மிசுக்காக நான் மச்சானோடு வாதாடினேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வாவியைப் பற்றி எனக்கு ஒரு வாதமும் இருந்ததில்லை. அது மீன் பாடும் தண்ணீர், கல்லடிப் பாலத்தில் நின்று வெளிநாட்டுக்காரருக்குக் காட்டும் தண்ணீர்.

குருக்கள்மடத்தில் 1990இல் கொல்லப்பட்ட தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தைத் தோண்டச் சொல்லி முஸ்லிம் குடும்பங்கள் நீதிமன்றம் போனார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியை 2025இல் தோண்டியபோது எலும்புகளோடு பாடசாலைப் பை வந்தது, பொம்மை வந்தது, வளையல் வந்தது. யாருக்காவது தெரிகிறதா என்று அந்தப் பொருட்களை மக்களுக்குக் காட்டவும் செய்தார்கள். சாமான்தான் அங்கே ஆளைச் சொல்கிறது. எங்கே தோண்டுவது என்று பார்க்கத் தரையை ஊடுருவும் ராடாரையும் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ராடார் வாவிக்கு உதவாது. உப்புக் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அதன் அலை உடனே செத்துவிடும். காந்தமானி என்று ஒன்று இருக்கிறது, அது இரும்பை மட்டும்தான் அறியும், வெள்ளியை அறியாது. கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீரைப் பொறுத்திருந்து கேட்கும் அந்தத் துடிப்பு மெஷின்தான். மச்சானின் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் மூலையில் சாத்தி வைத்திருக்கிறானே, அது.

இதை நான் அவனுக்குச் சொன்னபோது அவன் உடனே கொண்டுவரத் தயார். எனக்குத்தான் தயக்கம். இது சனி ஞாயிறு வேலை இல்லை. அனுமதி இல்லாமல் இரண்டு பேர் இரவில் இறங்கி ஒரு அச்சரக்கூட்டை எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பெத்தாவின் கையில் கொடுப்போம், அவ அழுவா, யாராவது வீடியோவும் எடுப்பான். அதோடு அந்த இடம் செத்துவிடும். எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது, அது அவனுடையதுதானா, கூட வேறு யாராவது இருந்தார்களா என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. நீதவானின் கட்டளையோடு, சட்ட வைத்தியரோடு, மண்ணைக் கரண்டியால் வழிக்கத் தெரிந்தவர்களோடு போக வேண்டிய இடம். சத்தம் வந்தால் தோண்டு என்ற சட்டத்துக்குப் பழகிய எனக்கு, சத்தம் வந்தால் குறித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில் என்று சொல்வது கஷ்டம்தான். மச்சானுக்கு இன்னும் கஷ்டம். "கோட்டுக்குப் போய் முடியிறதுக்குள்ள பெத்தா இருப்பாவா?" என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம், அதற்காக நான் இறங்கப்போவதில்லை.

சுழியோடித் தம்பி எங்கள் இருவரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தான். மட்டக்களப்புக்கு வலை வாங்க வந்த ஒருநாள் சொந்தக்காரனின் தோணியை இரவல் எடுத்துக்கொண்டு பெத்தா சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறான். தோணித்துறை இல்லை, கல் மட்டும் மிச்சம் இருக்கிறதாம். கண்ணாப் பத்தை இருக்கிறது. ஒரு கம்பியை மெல்ல இறக்கிப் பார்த்ததில் ஒரு முழத்துக்குக் கிட்டச் சேறு போய்த்தான் இறுகிய தரை தட்டுப்பட்டதாம். இனிமேல் அங்கே கம்பி குத்தாதே என்று நான் ஏசினேன். மச்சானுக்கு அந்த அளவை அனுப்பினேன். ஒரு முழம் என்றால் அவனுடைய கொயிலுக்கு எட்டாது. மேல் சேற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டான். பம்ப் வைத்தால் அச்சரக்கூடு மட்டும் இல்லை, எலும்பும் போய்விடும் என்று நான் சண்டை பிடிக்கிறேன். சேற்றைத் தட்டுத் தட்டாக வழித்து, ஒவ்வொரு தட்டுக்கும் மெஷினை ஓடவிட்டால் என்ன என்று இப்போது கேட்கிறான். அது பரவாயில்லை. நான் கேட்டுப் பார்த்த சட்டத்தரணி, மெஷின் கதையெல்லாம் பிறகு, முதலில் பெத்தா சொல்வதைச் சத்தியக்கடதாசியாக எழுதி எடுங்கள், அவவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே எடுங்கள் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கல்குடாவுக்குப் போகிறேன்.